ஐந்து நொடிக்கு ஒருமுறை

இந்தக் கணினிக்குள் கிடக்கும் கோப்பு என்றால்
கவலையில்லை.
யாராவது தொட்டால் இயங்குதளமே வந்து
காதில் போட்டுவிடும்.
அதுவரை எடிட்டர் தூங்கலாம்.

மஞ்சூர்க் கோப்பு அப்படியல்ல.
கோத்தகிரியிலிருந்து போய்க் கேட்க வேண்டும்:
கடைசியாக எப்போது மாறினாய்?
ஐந்து நொடிக்கு ஒருமுறை
எல்லா வளைவும் சுற்றிப் போய்
'மாறவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி
மறுபடி கிளம்பும்.
ஒரு ராத்திரிக்கு எத்தனை நடை என்று
கணக்குப் போட்டேன் ஒருநாள்.
போட்டிருக்கக் கூடாது.

அந்தப் பக்கம் போஜராஜன்.
இலை எடையை அவன் ஏற்றுவான், நான் சரிபார்ப்பேன்.
இரண்டு வருஷமாக ஒரே கோப்பில் இருக்கிறோம்,
குரல் கேட்டது நாலைந்து தடவை.
அவன் கணினிக் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடும்.
அவன் சேமிப்பதெல்லாம் எனக்கு
இனிமேல் நடக்கப்போவதாகக் காட்டும்.
சொல்லிப் பார்த்தேன்.
"பஸ்ஸுக்கு நல்லது மேடம்" என்றான்.

நேற்று மூன்று மணிக்கே மழை.
கெத்தை ரோட்டில் மண் சரிந்தது என்றார்கள்.
ஆறரைக்கு இணைப்பு போனது.
அப்போதுதான் உறைத்தது,
கேட்கப் போனது திரும்பாவிட்டாலும்
திரையில் எதுவும் மாறாது.
மாறவில்லை என்பதும்
தெரியவில்லை என்பதும்
எடிட்டருக்கு ஒரே வெள்ளை.

செவ்வாய்க்கிழமை, கீழ் டிவிஷன், 1412 கிலோ.
பக்கத்தில் கர்சர் மட்டும் துடித்தது.
போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.
பீன்ஸ் பொரியலை மூடி வைத்துவிட்டு
இன்னொரு தடவை அடித்தேன்.

பதினொன்று இருபதுக்குப் பெட்டி குதித்தது:
கோப்பு வெளியே மாற்றப்பட்டுள்ளது.
மீண்டும் ஏற்றவா?

ஏற்றவில்லை. ஒப்பிட்டேன்.
இடப்பக்கம் என்னுடையது, வலப்பக்கம் அவனுடையது.
வரி வரியாக இறங்கினேன்.
ஓர் எழுத்து, ஒரு புள்ளி,
ஒரு காலி இடம்கூட வேறில்லை.
நேரம் மட்டும் பதினொன்று இருபத்தேழு.

திறந்து
எதையும் தொடாமல்
சேமித்திருக்கிறான்.
கரண்ட் வந்ததும் விரல் பழக்கத்தில் அழுத்தியிருக்கலாம்.
நாளைக்குக் கேட்டால்
பூனை கீபோர்டில் நடந்தது என்பான்.

இன்னும் எனக்கு வந்து சேராத
அந்த ஏழாவது நிமிடத்தில்
ஒருவன் விழித்திருந்தான்.

நானும் எதையும் மாற்றாமல் சேமித்தேன்.
மஞ்சூரில் இப்போது பெட்டி குதிக்கும்.
ஏற்றவா என்று
அவனைக் கேட்கும்.