நியம விலகல்

மல்லாவி ஆஸ்பத்திரி நடைகூடம்
இருபத்திரண்டு மீற்றர்.
நெறிமுறை முப்பது கேட்கிறது.
அதனால் வெளியே,
மருந்தகத்துக்கும் பிரேத அறைக்கும் இடையில் ஓடுகிற
சீமெந்துப் பாதையில் நாடாவை விரித்தேன்.
செம்மஞ்சள் கூம்பு வாங்கக் காசு வரவில்லை.
சேலைன் போத்தல் இரண்டில் மணல் நிரப்பி
அந்தத் தலைப்பில் ஒன்று, இந்தத் தலைப்பில் ஒன்று.

ஆறு நிமிட நடைச் சோதனை.
முழங்காலுக்குக் கீழே இழந்து
பத்து வருசம் தாண்டியவர்கள்
நாற்பது பேர் வேண்டும்.
முப்பத்தோராவது ஆள் கேதாரகௌரி.
கச்சான் தோட்டம், இரண்டு பசு,
இடது பக்கம் மூன்றாவது பொய்க்கால்.
முதல் இரண்டும் தேய்ந்துபோச்சு என்றார்,
செருப்பைச் சொல்வதுபோல.

சம்மதப் படிவம் மூன்று பக்கம்.
நான் வாசிக்க அவர் கேட்க வேண்டும்.
இரண்டாம் பக்கத்தில் எல்லோரும்
வேலியைப் பார்க்கத் தொடங்குவார்கள்.
நானும் அந்த இடத்தைக் கடகடவென்றுதான் கடப்பேன்:
‘நீங்கள் எந்நேரமும், காரணம் எதுவும் கூறாமல்,
இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.
அதனால் உங்களுக்கு எவ்விதப் பாதிப்பும் ஏற்படாது.’

“அதை இன்னொருக்கா வாசியுங்கோ.”

வாசித்தேன்.

“இடையில எழும்பிப் போகலாமோ?”
ஓம்.
“ஏனெண்டு கேக்க மாட்டியளோ?”
கேட்கக் கூடாது.
“ஆரும் மறிக்க மாட்டினம்?”
மாட்டினம் அக்கா.

தாளை வாங்கி
அந்த வரியில் விரலை வைத்துத்
தானே ஒருமுறை வாசித்தார்,
காணி உறுதியில் எல்லை பார்ப்பதுபோல:
வடக்கே இன்னார், கிழக்கே வாய்க்கால்.
“அப்ப ஆரும் இப்பிடியொரு கடுதாசி தரேல்லை.”
எப்ப என்று நான் கேட்கவில்லை.
பதின்மூன்று வயதில்
அந்த வழியால் வந்தவள்தான் நானும்.
கையெழுத்துப் போட்டார், முழுப்பெயரும்.

நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தினேன்.
நிமிடத்துக்கு நிமிடம் சொல்லவேண்டியது அச்சில் இருக்கிறது:
‘நன்றாக நடக்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடங்கள் உள்ளன.’
குரல் உயரக் கூடாது.
கெதியா எண்டு சொல்லக் கூடாது.
கவனம் அக்கா எண்டுகூடச் சொல்லக் கூடாது,
தரவு கெட்டுவிடும்.

போத்தலைச் சுற்றுகிற ஒவ்வொரு முறையும்
புல்லில் கால் படாமல் திரும்பினார்.
பாதை ஒடுக்கம். அப்படித் திரும்ப
நாலு எட்டு அதிகம் வேண்டும், நேரமும் போகும்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்: புல்.

நாலாம் நிமிடம்.
‘நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் இரண்டு’
என்று நான் தொடங்க
நின்றார்.
மூச்சு வாங்கவில்லை. நோவும் இல்லையாம்.
“நான் போறன் தங்கச்சி.”

ஏன் என்பது
தொண்டைவரை வந்தது. விழுங்கினேன்.
துணுக்காய் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.
கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.
வாசலடியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்,
பின்னால் ஆரும் வருகினமோ என்று.
ஒருவரும் இல்லை.
காவலாளி மரியநாயகம்
வெற்றிலையைச் சப்பியபடியே
படலையைத் திறந்துவிட்டார்.

இரவு யாழ்ப்பாணத்திலிருந்து மேற்பார்வையாளர்:
“முடிக்காத ஆளைக் கணக்கில சேர்க்காதேங்கோ,
நியம விலகல் கூடிப்போம்.”
சேர்க்கவில்லை.
விலகியோர்: ஒன்று.
காரணம்: கணினி வெற்றிடத்தை ஏற்காமல்
சிவப்பாய் மினுங்கிக்கொண்டே இருந்தது.
ஒரு சின்னக் கோடு போட்டேன். ஏற்றுக்கொண்டது.

அதற்கு முன்பு, அன்று பின்னேரமே,
போத்தல்களை எடுத்துவர வெளியே போனேன்.
மழை வரப்பார்த்தது, அவசரம்.
புல்லுக்குள்ளால் விழுந்தால் கிட்ட.
சீமெந்தாலேயே போய்
சீமெந்தாலேயே திரும்பினேன்.