ஏழாவது தூணருகே

மோர்பியில், ஓடு சுடும் தொழிற்சாலைக்குக்
கூரை போட்டோம்.
இருநூற்றுப் பத்தடி நீளம். கீழே சூளை,
மேலே குஜராத் வெயில்,
நடுவில் தகரம் முறுகிக் கிடக்கும் ஊர்.
அண்ணன் தேவாயத் உச்சியில் நின்றான்.
நான் கீழே, கணக்கு.
முடித்துக் கொடுத்த அன்று
முதலாளி மாவ்ஜிபாய் தன் கையால் பேடா ஊட்டினார்.
பாக்கி ஒரு கோடியே பதினெட்டு லட்சம்.
அதற்கு மட்டும் கை நீளவில்லை.

ஜூலையில் ஒரே ராத்திரி, மொத்த மழையும்.
அவர்களுடைய ஸ்டோர் கிளார்க் நிகுஞ்ச்
மின்னஞ்சல் தட்டியிருந்தான்:
ஏழாவது தூணருகே ஒழுகுகிறது
நாற்பது பெட்டி நனைந்தது
ஆள் அனுப்பவும்

பதில் போட்டவள் நான்.
'வருந்துகிறோம். குறையைச் சரிசெய்து தருகிறோம்.'
இருமுகிறவருக்குத் தண்ணீர் நீட்டுவதுபோல
யோசிக்காமல் எழுதினேன்.
ஒரு பையன் போனான்.
நாலு திருகாணி, ஒரு குழாய் பசை,
முந்நூற்றுப் பத்து ரூபாய்.
சில்லறைச் செலவில் இருக்கிறது, பாருங்கள்.

பிறகு 'அடுத்த வாரம்'.
பிறகு 'தீபாவளி போகட்டும்'.
பிறகு மணி அடித்துக்கொண்டே இருக்கும் போன்.

பிப்ரவரியில் திவால் சட்டத்தின் கீழ் நோட்டீஸ்.
வக்கீல் ஜங்கனா விரல் விட்டுச் சொன்னாள்:
பத்து நாள். கட்ட வேண்டும்,
இல்லை, தகராறு முன்பே இருந்தது என்று காட்ட வேண்டும்.
இருந்ததா?
'தகராறா? பேடா ஊட்டினாரே' என்றான் அண்ணன்.
நானும் தலையாட்டினேன்.
மறைக்கவில்லை. மறந்தே போயிருந்தது.

ஒன்பதாம் நாள் வந்தது பதில்.
நிகுஞ்சின் மூன்று வரி
பதினோரு பக்கமாகப் பெருத்திருந்தது:
மட்டமான தகரம், நின்றுபோன சூளை,
இரண்டு கோடி நஷ்டம்.
எல்லாம் நேற்று முளைத்தவை.
கடைசியில் பின் குத்திய ஒரு தாள் மட்டும் பழசு,
நோட்டீஸைவிட ஏழு மாதம் மூத்தது.
அதன் அடியில் என் பெயர்.

அகமதாபாத். லிஃப்ட் வேலை செய்யவில்லை.
எங்கள் வரிசை நாற்பத்து மூன்று.
எதிர்த்தரப்பு வக்கீல் குரலே உயர்த்தவில்லை.
'தேதியைப் பாருங்கள்' என்றார்.
பிறகு என் வாக்கியத்தை வாசித்தார்.
நான் தட்டியதை ஓர் ஆண்குரலில்
அதுவரை கேட்டதில்லை.
'குறை' என்ற இடத்தில் சற்றே நின்று,
கல்லில் தேங்காயை வைப்பதுபோல வைத்தார்.
மழைத் தவளை கத்தித்தானே
பாம்புக்கு வழி சொல்கிறது.

ஜங்கனா கேட்டாள்:
முந்நூற்றுப் பத்து ரூபாய் ஒழுகலுக்கு ஒரு கோடியை நிறுத்தலாமா?
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
எத்தனை சொட்டு என்று அளக்க
இங்கே பாத்திரம் இல்லை அம்மா.
ஒழுகல் உண்டா, வெறும் புளுகா,
அவ்வளவுதான் பார்ப்போம்.
உங்களுக்குப் பணம் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
அதற்கு இது கதவில்லை. சிவில் கோர்ட்டைத் தட்டுங்கள்.

பதினோரு மாதக் காத்திருப்பு.
பதினான்கு நிமிடம்.

வாசலில் சாயா குடித்தோம்.
அண்ணன் திட்டுவான் என்று பார்த்தேன்.
டம்ளரைச் சுழற்றிக்கொண்டே,
'வேற என்னதான் எழுதியிருக்க முடியும் நீ?' என்றான்.
இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் வாங்கானேர் கம்பெனி எழுதியது:
மழைநீர்த் தகடு வளைந்திருக்கிறது.
'வரு' வரை தட்டினேன்.
அழித்தேன்.
போனை எடுத்து, வாயாலேயே
இரண்டு முறை வருத்தம் சொன்னேன்.

இந்த ஜூலையில் நிகுஞ்ச் கூப்பிட்டான்,
யாருக்கும் கேட்காத குரலில்.
'அக்கா, மூணு நாளா கொட்டுது.
ஏழாவது தூண்ல ஒரு சொட்டு இல்ல.'
'எழுதித் தருவியா?' என்றேன்.

அவன் பேசவில்லை. வைக்கவும் இல்லை.
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்,
எங்கள் தகரத்தின்மேல்
மழை.