புதன்கிழமைக்கு ஒரு வரி

எனக்கென்று அறை கிடையாது.
சுவா சூ காங்கில் நான்கு மாடிப் பள்ளி.
எது காலியோ அது தமிழ் வகுப்பு.
திங்கள் ஓவிய அறை,
செவ்வாய் மூன்றாம் மாடியில் ஏழாம் எண்,
புதன் உயிரியல் கூடம். அங்கே
குடுவைக்குள் ஒரு தவளை
வேற்றுமை உருபுகள் எட்டையும் கேட்டுவிட்டது.

கையில் மடிக்கணினி, கழுத்தில் கம்பி,
பைக்குள் மூன்று அடாப்டர்.
செருகினால்
ஓவிய அறை என் குறிப்புகளையும் சேர்த்துக் காட்டும்,
நான் சிரிக்க வேண்டிய இடம் உட்பட.
ஏழாம் எண் ஓரத்தை வெட்டும்:
வினையெச்சம் என்று எழுதியிருப்பேன்,
வினை மட்டும் திரையில்.
எச்சம் சுவருக்கு அப்பால்.
உயிரியல் கூடம் நீலம். வெறும் நீலம்.

ஒருமுறை தங்கையின் குறுஞ்செய்தி
ஆறடி அகலத்தில் விழுந்தது.
"வீட்ட விக்கிறதா வேணாமா, இன்னிக்கே சொல்லு."
பதினோரு பேரும் வாசித்தார்கள்.
அன்றைக்கு ஒருவர்கூடத் திக்கவில்லை.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பைரூஸ்தான் சொன்னார்:
ஒவ்வொரு திரைக்கும் ஒரு பெயர் உண்டு,
கம்பி தொட்டதும் அதுவே சொல்லிவிடும்,
யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஜூன் விடுமுறையில் கேட்க உட்கார்ந்தேன்.
அறுபத்து மூன்று வரி நிரல்.
நீ யார், உன் அகலம் என்ன,
ஓவிய அறையா, அப்படியானால் குறிப்புகள் எனக்கு மட்டும்;
ஏழாம் எண்ணா, கொஞ்சம் சுருங்கு;
யாராக இருந்தாலும்
தங்கையின் வாயை அடை.

நான்கு நொடி.
செருகியதும் பாடம் சுவரில் நின்றது,
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.
முப்பத்தைந்து நிமிடத்தில் ஏழு மிச்சம்.
பைரூஸுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் வாரம் காது உறுத்தியது.
என்னவென்று பிடிபடவில்லை.
குளிர்சாதனத்தின் முனகல்,
பக்கத்து வகுப்பின் சீனம் சுவரைத் தாண்டி,
படத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால்
ஜோஷ்வா அருமைநாயகம், "தெரியல சார்."
தக்‌ஷிகா, "சேம் சார்."

அப்புறம்தான் உறைத்தது.
அந்த நீலத்தின் முன்னால்
இவர்கள் பேசியதுதான்
இந்த வகுப்பில் யாரும் கேட்காமல் பேசப்பட்ட தமிழ்.
"அந்தப் பக்கம் இல்ல சார், இந்தப் பக்கம்!"
"ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க!"
"வந்துருச்சு... ஐயோ போச்சு!"
"சாருக்கு ராசியே இல்ல."
மதிப்பெண் தாளில் இதற்குக் கட்டம் கிடையாது.

உழைத்துச் சரிசெய்ததைக் கெடுக்க
எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.
செவ்வாய் இரவு, சோறு ஆறிக்கொண்டிருக்க,
அறுபத்து நான்காவதாய் ஒன்றைச் சேர்த்தேன்:
இன்று புதன் என்றால்
எதுவும் செய்யாதே.

நீலம்.
ஒரு கணம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
பிறகு நாற்காலிகள் நகர்ந்தன.
ஜோஷ்வா கம்பியைப் பிடுங்கினான்,
தக்‌ஷிகா அவனைத் திட்டினாள்,
திட்டியதும் தமிழில்,
எழுவாய் பயனிலை எல்லாம் பொருந்த.

அப்படியே நாலைந்து புதன்.
ஆறாவதிலோ என்னவோ
தள்ளித் தட்டித் திருகிக் கடைசியில் வந்த படம்
என் திரையின் அச்சு நகல்:
மூட மறந்த நிரல்.
கடைசி வரி பெரிய எழுத்தில்.

மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், படம் வந்ததற்கு.
முன்வரிசை நஸ்ரீன் மட்டும்
உதடு அசைய வாசித்தாள்.
நின்றாள். மறுபடி வாசித்தாள்.
தவளையைப் பார்த்தாள், ஏதோ அதற்கும் தெரியும் என்பதுபோல்.

நான் பதறி எதையோ அழுத்த
மறுபடி நீலம்.

"சார்," என்றாள்,
"கம்பி லூசா இருக்கும்.
இன்னும் கொஞ்சம் ஆட்டிப் பாருங்க."

ஆட்டினேன்.