ராம்நாடு தாண்டி

செல்லூருக்கு வந்த மூண்டாம் நாள்
தையல்கடைக்காரர் சொன்னார்:
'செத்த இருங்க, வந்துர்றேன்.'
நான் இருக்கவில்லை.
துணியை மேசையில் போட்டுவிட்டு
வெயிலுக்குள் இறங்கி நடந்தன்.
எங்கட பக்கம் அந்தச் சொல்லுக்குப் பின்னால்
ஒரு ஆளின்ர பெயர் வரவேணும்.
செத்த எண்டால் இங்கே கொஞ்சம் எண்டு
இரவு சோறு போடேக்கைதான்
என்ர மனுசன் சொன்னார்,
சிரிக்காமல்.

அதே மொழிதான். அதுதான் கரைச்சல்.
பிரான்சில் இருக்கிற தங்கச்சிக்குத்
தெரியாத சொல், தெரியாத சொல்லாகவே வரும்.
எனக்குத்
தெரிந்த சொல் வேற ஆற்றையோ சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்.

ஹார்டுவேர் கடையில்
திறப்பு ஒண்டு வெட்டவேணும் எண்டன்.
'திறப்பா? ரிப்பன்தான வெட்டுவாங்க, எந்தக் கடைக்கா?'
எண்டான் பெடியன்.
பக்கத்துவீட்டு ஒச்சம்மா புதுச்சீலையோடு வந்து நிண்டா.
வடிவு எண்டன்.
மாடியிலிருந்து எட்டிப் பார்த்து
'என்னக்கா கூப்ட்டீங்களா' எண்டு கேட்டது
அங்கே வாடகைக்கு இருக்கிற வடிவு.

சீனி மட்டும் இங்கேயும் சீனி.
'சீனி தூக்கலாப் போடவா?' எண்டு
டீக்கடையில் கேட்ட அண்டைக்கு,
சீனி வருத்தக்காரி நான்,
ஓம் எண்டு தலையாட்டி
முழுக் கிளாசையும் குடிச்சன்.

பொழுதுபட்டால் தெருமுனையில் பருத்திப்பால் வண்டி.
பருத்தித்துறையில் பிறந்தும்
பருத்தியைக் குடிக்கலாம் எண்டு
நாற்பத்திரண்டு வயசில்தான் அறிஞ்சன்.
சுக்கு எரிஞ்சுகொண்டு இறங்கும்.
வண்டிக்காரரிட்ட ஊரின்ர பெயரைச் சொன்னன்.
'அப்ப ஒங்கூர்ல நல்லா ஓடும்மா யாவாரம்' எண்டார்.
மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

வைகாசியில் ஒச்சம்மாவின் மகனுக்குக் காதுகுத்து.
மண்டப வாசலில் மேசை, சில்வர் சட்டி, நீளமான நோட்டு.
எங்கட ஊரில் உறைக்குள் வைச்சு
கைக்குள் பொத்திக் குடுக்கிற சாமான்
இங்கே மைக்கில் போகுது.
'பேரு?'
கேதீஸ்வரி.
'ஊரு?'
பருத்தித்துறை.
'அது எங்கிட்டு இருக்கு? ராம்நாடு பக்கமா?'
எனக்குப் பின்னால் இருபது பேர்,
பந்தியில் இலை போட்டாச்சு எண்டு சத்தம்.
கொஞ்சம் தாண்டி, எண்டன்.
அவர் அதையும் எழுதினார்.
பேந்து ஒலிபெருக்கி,
வைகையின் அக்கரை வரைக்கும்:
'ராம்நாடு தாண்டி, பருத்தித்துறை,
கேதீஸ்வரி, ஐந்நூத்தி ஒண்ணூ!'

வருசத்துக்கு ஒருக்கா வேறொரு பதிவேடு,
கமிஷனர் ஆபீஸ் மாடியில்.
அதில் நான் வெளிநாட்டவர்.
'எத்தனை நாள் தங்குவீங்க?'
தெரிந்த மொழி எண்ட கட்டத்தில்
தமிழ் எண்டு எழுதினன்.
எழுத்தர் என்னைப் பார்த்தார்,
பிறகு தன்ர பேனையைப் பார்த்தார்.
கையெழுத்து, போட்டோ, சீல்.
ஒருத்தரும் அங்கே சத்தம் போட்டு
என்ர பெயரைச் சொல்லேல்லை.

ஆடி பிறந்து ஒரு காலமை
கீரைக்கட்டோடு படியில் வந்து குந்தினா ஒச்சம்மா.
'மொய் நோட்டுல ஒம்பேரு அப்பிடியே நிக்குது.
ஐந்நூத்தி ஒண்ண நான் எப்பிடித் திருப்புறது?
ஒரு காதுகுத்து, ஒரு பால்காய்ச்சு,
எதையாச்சும் வையி தாயி.
செய்முறையப் பாக்கி வச்சுக்கிட்டு
ஒன்னைய எங்கிட்டும் போக விட்ருவனா?'

குத்துறதுக்கு எங்களுக்கு ஒரு காது இல்லை.
பால்காய்ச்ச,
இந்த வீட்டுக்கே ரெண்டு மாச வாடகை நிலுவை.
பேந்து பாப்பம், எண்டன்.

'பேந்துன்னா எப்ப?
ஆவணியா, ஐப்பசியா?'

அடுப்பில் பால்.
செத்த இருங்கோ, எண்டன்.

அவ இருந்தா,
கீரையை ஆஞ்சுகொண்டு.