சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

சென்றாயன் இப்போது
மாங்காய்க் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறான்.
பந்து இடப்பக்கம் வரும்போதெல்லாம்
அவன் இடது கால்
செருப்புக்குள் தானாக ஒருமுறை துள்ளும்.
அதை நான் மட்டும் பார்ப்பேன்.
பதினாறு வருஷம்
அந்தக் காலுக்குப் பின்னால் கோல் கம்பத்தில் நின்றவன் நான்.

காவேரிப்பட்டணம் கூழ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து
கையில் மாம்பழப் பிசுக்கோடு
நேராக மைதானத்துக்கு வருவான்.
"தஸ்தகீரு, வாயத் தொற" என்பான்.
கோலி வாயை மூடினால் பேக்குக்குக் கண் தெரியாதாம்.
நான் கத்துவேன். அவன் திரும்பாமலே நகர்வான்.
அவ்வளவுதான் எங்கள் சிநேகம்:
என் குரலும் அவன் முதுகும்.

கேப்டன் ஆனபோது கைப்பட்டைக்குக் காசில்லை.
சுகுணா பாவாடை எலாஸ்டிக்கில் தைத்துக் கொடுத்தாள்.
மூன்று வருஷம் இறுக்கியது.
சட்டைக் கையை மடித்தால் தடம் இன்னும் தெரியும்.

முழங்கால் போனது ஓசூரில்.
ஆட்டமெல்லாம் முடிந்து, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது.
(ஒருத்தர்கிட்டயும் சொல்லாதே என்றான். சொல்லிவிட்டேன்.)

கிளப்புச் செயலாளர் டீக்கடையில் வைத்துக் கேட்டார்:
"சும்மா தானே உக்காந்துனு இருக்க, மேனேஜரா இருப்பா.
சம்பளம் கெடையாது. கப்பு வந்தா பிரியாணி."
மேனேஜர் என்றால் என்னவென்று
அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.
போகப் போகத் தெரிந்தது.
பம்பு ஊசி மேனேஜர் பையில் இருக்க வேண்டும்.
பதினெட்டு ஜெர்சியும் மேனேஜர் வீட்டுக் கொடியில் காய வேண்டும்.
கிரானைட் பட்டறை முதலாளியிடம்
ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பையனைக் கடன் கேட்க வேண்டும்.
ரசீதுப் புத்தகத்தோடு மண்டி மண்டியாக ஏறும்போது
"பந்து ஆடுவியே, அந்தச் சென்றாயனா?" என்பவரிடம்
"ஆடுனேன்" என்று சொல்லிப் பழக வேண்டும்.

முதல் ஆட்டத்துக்குப் பெயர் எழுதினான்,
கிழித்த காலண்டர் தாளின் முதுகில்.
எண் மூன்றுக்கு நேராக
கை பாட்டுக்குத் தன் பெயரை எழுதிவிட்டது.
பார்த்தான். அடித்தான்.
பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.
ஓட்டை மேல் திம்மராயன் என்று எழுத முடியாமல்
ஓரமாக எழுதினான்.

என் முறை
ரெண்டு வருஷம் கழித்து வந்தது.
பர்கூர்க்காரர்களோடு இறுதி ஆட்டம். முந்தின ராத்திரி
மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.
போனில் ஒரு வரி:
"நாளைக்கு எல்லப்பன் நிக்கட்டும்."
நிக்கட்டும்.
பத்தொன்பது வயசு. நீளக் கை. கத்தத் தெரியாது.
தராசில் பெங்களூரா கிடந்தது.
எத்தனை கிலோ, எத்தனை கிலோ என்று
மூன்று தடவை கேட்டார் வியாபாரி.

மறுநாள் கிரேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.
இருபதாவது நிமிஷம்
எல்லப்பன் கைக்கடியில் ஒன்று போனது.
சென்றாயனைப் பார்த்தேன்,
முகம் மாறுகிறதா என்று.
அவன் கிருஷ்ணகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு, திரும்பாமலே,
"தஸ்தகீரு, வாயத் தொற."

ஆடாதவன் எப்படிக் கத்துவான்?
தொண்டை வரை வந்தது
அவனைத் திட்டவா, பையனுக்குச் சொல்லவா
எனக்கே தெரியவில்லை.
"எல்லப்பா! எடப்பக்கம்! முன்னாடி ஏறு!"
பையன் ஏறினான்.
திம்மராயன் நகர்ந்தான்.
கிரேட்டுக்குக் கீழே ஒரு செருப்பும் நகர்ந்தது.

அப்படியும் தோற்றோம். ரெண்டுக்கு ஒன்று.
பிரியாணி இல்லை.
இருட்டில் பந்துகளை எண்ணினான்: ஐந்து.
கொண்டுவந்தது ஆறு.
முள்வேலி ஓரமாக செல்போன் வெளிச்சத்தில்
ரெண்டு பேரும் குனிந்து தேடினோம்.
கிடைத்தது, காற்றுப் போய்.
அதையும் பைக்குள் போட்டுக்கொண்டான்.
"வேனுக்கு நூறு கொறையுது" என்றான்.
கொடுத்தேன்.
இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.
கேட்பேன்.