பதினேழின் கீழ் நான்கு

துறைத் தேர்வில் கேட்டிருந்தார்கள்:
எண்கோட்டில் 17/4 எங்கே?

எனக்கா தெரியாது?
செய்துங்கநல்லூர்ப் பக்கம்
பதினேழாம் கிலோமீட்டர், நாலாவது கம்பம்.
கறுப்புப் பெயிண்டில் கம்பத்திலேயே இருக்கிறது.
போன ஐப்பசி மழையில் ஜல்லி அரித்து
தண்டவாளம் அந்தரத்தில் நின்ற இடம்.
சிவப்பு விளக்கோடு நான் ஓடிய இடம்.
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
பேனா முனை மடங்கப் புள்ளி வைத்தேன்.

சுழி போட்டுவிட்டார்கள்.
தகா பின்னமாம்.
நாலால் வகுத்தால் நாலு முழுசு, மிச்சம் கால்.
நாலைத் தாண்டினதும் கொஞ்ச தூரத்தில்,
ஐந்துக்கு ரொம்ப முன்னாலேயே.

மறுநாள் ரோந்தில்
சாவியும் சுத்தியலுமாக
நாலேகாலில் நின்று பார்த்தேன்.
வாழைத்தோப்பு. வாய்க்காலில் மூக்கு மட்டும் தெரிய ஓர் எருமை.

ஒரு போல்ட் லூசாகத்தான் இருந்தது.