பெயருக்கான கட்டம்

ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீரா என்றார் இவர்.
பதில் சொல்லாமல் பையை எடுத்தேன்.
பன்னிரண்டு வருடமாக
தண்ணீர்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது:
சேகோ ஆலையின் புளித்த தண்ணீர்,
சாயப்பட்டறையின் ஊதாத் தண்ணீர்,
திருமணிமுத்தாற்றின் மூன்று பாலங்களில்
கயிறு கட்டி இறக்கி நான் தூக்கும் தண்ணீர்.
எண் ஒட்டி, மூடி இறுக்கி,
ஐஸ் பெட்டியில் அடுக்கி.

கோரிமேடு தாண்டியதும் காற்று மாறியது.
மூன்றாவது வளைவில் நூர்ஜஹான்
எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தாள்.
ஒன்பதாவதில் அதை அவள் பையன் பிடுங்கிக்கொண்டான்.
இருபது வளைவுகளையும் எண்ணினேன்.
எண்ணுவது என் வேலை.

படகு விடும் ஏரியில் அவர்கள் இறங்கிக்கொள்ள
நான் வேறு வண்டி மாறி
காப்பித் தோட்டம் முடிகிற இடத்துக்குப் போனேன்.
சடைச்சி நின்றிருந்தாள்.
எங்கள் ஆய்வகத்தில் குடுவை கழுவும்
வெள்ளையனுக்கு அத்தை முறை.
என் வயதுதான் இருக்கும்.
இடுப்பில் பழக்கூடை, காதில் ப்ளூடூத்.
யாரையோ திட்டி முடித்துவிட்டு
"வாங்க" என்றாள்.

மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள்.
பிறகு பெயர் தெரியாத மரங்கள்.
பிறகு ஒரு கல்.
"செருப்ப இங்க வுட்ருங்க."
காதில் இருந்ததைக் கழற்றி
அவளும் கல்மேல் வைத்தாள்.

குளம் பெரிதில்லை.
இரண்டு பஸ்ஸை நிறுத்தலாம்
என்று தோன்றியதும் வெட்கமாக இருந்தது.
கரையில் மணி இல்லை, சூலம் இல்லை,
மஞ்சள் துணி கட்டிய கிளைகூட இல்லை.
ஒரு நீர்ப்பூச்சி
தண்ணீரைக் கிழிக்காமல் ஓடியது.

"பேர் என்ன?"
"சொல்லக் கூடாது."
"என்ன வேண்டிக்கணும்?"
"ஒண்ணும் வேண்டக் கூடாது.
வேண்டறதுக்கு மேல சேர்வராயரு இருக்காரு.
இங்க சும்மா பாத்துட்டுப் போவோம்."
"சும்மா பாக்கவா இவ்ளோ தூரம்?"
"சொந்தக்காரங்க வூட்டுக்கு
நீங்க எதுக்குப் போறீங்க?"

எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயே
நாலு வருடம் ஆகிறது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் அந்தப் பக்கம் கீரை கிள்ளப் போனபோது
பையிலிருந்து புட்டியை எடுத்தேன்.
மூன்று முறை அலசி நான்காவதாக நிரப்பு;
அதுதான் முறை.
முறைப்படித்தான் திருடினேன்.
மணிக்கட்டு வரை குளிர் ஏறியது,
புட்டிக்குள் எதுவும் தெரியவில்லை.
வெறும் புட்டியைவிடத் தெளிவாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது,
"தாகமா இருந்துச்சா?" என்றாள்.
"ஆமா" என்றேன்.

மாலை நாலே முக்கால் பஸ்.
பதிமூன்றாவது வளைவில் மடி சில்லென்றது.
பையின் அடி நனைந்து, புடவை நனைந்து,
தரைத் தகட்டின் வரிகளில்
வலப்பக்கம் ஓடி,
அடுத்த வளைவில் இடப்பக்கம் ஓடி,
முன்சீட்டுக்காரர் காலைத் தூக்கிக்கொண்டார்.
"வாந்தின்னா ஜன்னல் பக்கம் வாங்கம்மா,"
கண்டக்டர் சொன்னார்.
"தண்ணிங்க. வெறும் தண்ணி."
யாரும் நம்பவில்லை.
நூர்ஜஹான் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

மூடியைச் சரியாகத் திருகவில்லை, அவ்வளவுதான்.
வேறு காரணம் தேடுகிற ஆளில்லை நான்.
ஆனாலும் பன்னிரண்டு வருடம்
மூடி மூடியே பழகிய கை இது.

அடிவாரத்தில் பஸ் நின்றபோது
கடைசிச் சொட்டுகள் படியிறங்கின.
அங்கிருந்து ஓடையோ, சாக்கடையோ,
எதைப் பிடித்தாலும்
என் பாலங்களுக்குத்தான் வரும்.

திங்கட்கிழமை.
இரண்டாவது பாலம். கயிறு. புட்டி.
நுரைக்குள் போய் நுரையோடு வந்தது.
படிவத்தில் நாள், நேரம், நிறம், நாற்றம்.
இடத்தின் பெயர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதினேன், வழக்கமானதைத்தான்.
மூடியை இரண்டு தடவை திருகினேன்.

ஆய்வகத்தில் வெள்ளையன்
குழாயடியில் குடுவைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.
முகத்தைத் திருப்பாமலே கேட்டான்:
"அக்கா, அத்தை கேக்கச் சொல்லுச்சு.
தாகம் தீந்துச்சான்னு."